பறவைப் படம்: எங்கே நிற்பது, எவ்வளவு வெட்டுவது, எதைத் தொடாமல் விடுவது

ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ எல்லாம் தெரியும், ரா ஃபைலில்தான் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுக்கிறீர்கள், கையில் ஒரு நீளமான லென்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். படம் ஷார்ப்பாக வருகிறது, ஆனாலும் ஏதோ இடிக்கிறது என்பவர்களுக்கு இது. அந்த ‘ஏதோ’ பெரும்பாலும் பறவைக்குப் பின்னால்தான் இருக்கும்.

1. முதலில் இடம் மாறுங்கள்

பறவை கிளையில் வந்து உட்கார்ந்ததும் ஒன்றிரண்டு படம் எடுத்துவிடுங்கள். பறந்து போனாலும் கைவசம் ஏதாவது இருக்கும். அப்புறம் பறவையை விட்டுவிட்டு, அதன் தலையைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். தலைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பொட்டு, கழுத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி, வானமும் மரமும் சேரும் கோடு: வழக்கமான தொல்லைகள் இவைதான்.

இதற்கு எவ்வளவு நகர வேண்டும்? பறவை 10 மீட்டரிலும் பின்னணி 30 மீட்டரிலும் இருந்தால், நீங்கள் வலப்பக்கம் அரை மீட்டர் நகர்ந்தாலே பறவைக்குப் பின்னால் தெரியும் இடம் ஒரு மீட்டர் இடப்பக்கம் தள்ளிப்போகும். ஓர் அடி எடுத்து வைத்தால் வெள்ளைப் பொட்டு காணாமல் போய், அந்த இடத்தில் நிழலான இலைகள் வந்துவிடும். பின்னணி பறவையை ஒட்டியே இருந்தால் இந்த வித்தை பலிக்காது. அந்தக் கிளையை விட்டுவிட்டு வேறு கிளைக்கு அது வரும்வரை காத்திருப்பதே நல்லது.

உயரமும் அப்படித்தான். தரையில் மேயும் பறவையை நின்றபடி எடுத்தால், அதன் காலடி மண்ணே பின்னணியாகிவிடும். படுத்து எடுத்தால் பின்னணி தொலைவுக்குப் போய்க் கரைந்துவிடும். இப்படி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியிருப்பதால் எனக்கு ட்ரைபாட் ஒத்துவராது. மோனோபாட் போதும், படுக்கும்போது ஒரு பீன் பேக். கூட்டில் இருக்கும் பறவையைச் சுற்றி மட்டும் இந்த நடமாட்டம் வேண்டவே வேண்டாம். அங்கிருந்து விலகிவிடுங்கள்.

2. தலை திரும்பும்வரை

ஃபுல் ஃபிரேம் கேமராவில் 500 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6, பறவை 10 மீட்டர் தூரம் என்றால் ஃபோகஸ் ஆழம், அதாவது ஷார்ப்பாகத் தெரியும் தூரம், சுமார் 13 செ.மீ. தான். 5 மீட்டருக்கு வந்தால் 3 செ.மீ. சொச்சம். அதனால் உடல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருந்து, தலை மட்டும் லேசாக உங்கள் பக்கம் திரும்பியிருக்கும் நொடிக்காகக் காத்திருங்கள். அப்போது கண், அலகு, இறக்கை மூன்றும் ஏறக்குறைய ஒரே தளத்தில் நிற்கும், கண்ணிலும் ஒளிப்பொட்டு விழும். முகம் அந்தப் பக்கம் திரும்பிய படத்தை எந்த மென்பொருளும் காப்பாற்றாது. நீக்கிவிடுங்கள்.

3. வெள்ளைப் பறவை, கறுத்த பின்னணி

கேமரா இருட்டைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கின் இறகு வெந்துபோகும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தைப் பாதியாக்கும் அளவு) குறைத்துத் தொடங்குங்கள். பிரகாசமான வானத்தில் கரிச்சான் என்றால் இதற்கு நேர்மாறாக ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். ரா ஃபைலிலும் மூன்று வண்ண சேனல்களும் நிரம்பி வழிந்துவிட்டால் உள்ளே மீட்க எதுவும் இருக்காது. ஹைலைட்ஸை இழுத்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி சாம்பல்தான் கிடைக்கும்.

4. வெட்டுவது

எடிட்டிங்கில் என் முதல் வேலை கிராப். அதை முடித்தால்தான் மற்ற வேலைகளுக்கு அந்தப் படம் தகுமா என்று தெரியும். 24 மெகாபிக்சல் படத்தில் அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல். திரையில் பார்க்க அது தாராளம். அதற்குமேல் வெட்ட வேண்டியிருந்தால் படத்தின் நோக்கத்தையே மாற்றிப் பாருங்கள்: பறவை சிறிதாக, நாணலும் நீருமாக அதன் வாழிடத்தோடு. ஃபிரேம் முழுக்க அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பறவையைவிட எனக்கு இந்த வகைதான் பிடிக்கும்.

பார்வை போகும் திசையில் கூடுதல் இடம் விடுங்கள் என்பது எல்லாரும் சொல்வது. ஆனால் அரசவால் ஈப்பிடிப்பான் மாதிரி நீண்ட வால் இருந்தால் வாலுக்கும் மூச்சுவிட இடம் வேண்டும், முன்னால் மட்டும் விட்டால் படம் சாய்ந்த மாதிரி இருக்கும். நீரில் விழும் பிரதிபலிப்பை முழுதாக வையுங்கள், இல்லையென்றால் தயங்காமல் வெட்டிவிடுங்கள். பாதி அலகோடு நிற்கும் பிரதிபலிப்பு பார்க்கச் சகிக்காது.

5. பின்னணியை அடக்குவது

இந்த இடத்தில்தான் நான் நெடுநாள் திணறினேன், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

நாய்ஸ் (படத்தில் தெரியும் மணல் மாதிரியான புள்ளிகள்) குறைப்பை, மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்றப் போடும் தேர்வு) போடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அப்புறம் லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் ‘செலக்ட் சப்ஜெக்ட்’ கொடுத்துப் பறவையைத் தேர்வுசெய்து, பின்னணி தேர்வாகும்படி அதைத் தலைகீழாக்கி, பின்னணியின் வெளிச்சத்தைக் குறைப்பீர்கள். சின்னத் திரையில் அருமையாக இருக்கும். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் பறவையைச் சுற்றி மெல்லிய ஒளிவளையம் தெரியும், ஒட்டவைத்த ஸ்டிக்கர் மாதிரி. மாஸ்க் இறகின் நுனியில் நிற்காமல் அதைத் தாண்டிக் கொஞ்சம் பின்னணியையும் பிடித்துக்கொள்வதால் வரும் வினை இது. கால்விரல்களுக்கு இடையிலும் விரித்த இறக்கையின் பிளவுகளிலும் இன்னும் மோசமாக இருக்கும்.

என் வழி இது. பின்னணியை அரை ஸ்டாப்புக்கு மேல் குறைப்பதில்லை. இருட்டாக்குவதற்குப் பதில் பின்னணியின் டெக்ஸ்சர், கிளாரிட்டி (நுண்விவரத்தையும் அழுத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்கள்) இரண்டையும் கொஞ்சம் இறக்குகிறேன், அதில் வளையம் அவ்வளவாகத் தெரியாது. மாஸ்கின் சிவப்பு நிறத்தைக் காட்டச் சொல்லிவிட்டு, அலகில் தொடங்கி வால்வரை ஓரத்தை ஒரு சுற்றுப் பார்த்து, தவறிய இடங்களை ஓரம் மென்மையான பிரஷ்ஷால் சரிசெய்கிறேன். முக்கியமாக, பறவை உட்கார்ந்திருக்கும் கிளையையும் பறவையோடு சேர்த்துவிடுங்கள். பறவை வெளிச்சத்திலும் கிளை இருட்டிலும் இருந்தால் கால்கள் அந்தரத்தில் நிற்கும்.

பின்சேர்க்கை: டார்க்டேபிள் என்ற எடிட்டிங் மென்பொருளில் இதை எப்படிச் செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அங்கே பறவையைச் சுற்றிக் கையால் பாதை வரைந்து, அதோடு பேராமெட்ரிக் மாஸ்க்கை (வெளிச்சம், நிறம் போன்ற அளவுகளை வைத்துத் தேர்வு செய்வது) சேர்க்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் இலவசம், ஓரமும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்.

குறுக்கே இருக்கும் குச்சியை அழிக்கலாமா என்றும் கேட்டார்கள். உங்கள் சுவரில் மாட்டுவதென்றால் உங்கள் இஷ்டம். போட்டிக்கு என்றால் விதியைப் படியுங்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ‘வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் த இயர்’ போட்டியில் படத்தில் இருந்த பொருளை நீக்குவதோ, இல்லாததைச் சேர்ப்பதோ கூடாது. சென்சார் தூசியைத் துடைக்கலாம். அடுத்த சுற்றுக்குத் தேர்வானால் ரா ஃபைலையும் கேட்பார்கள்.

6. நிறம்

சிறால் மீன்கொத்தியின் நீலம் நிறமியால் வருவதில்லை, இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது. ஒளி விழும் கோணம் மாறினால் அது பச்சையாகவும் தெரியும். கையேட்டில் இருக்கும் நீலத்துக்கு இழுத்துக்கொண்டு வராதீர்கள். சாச்சுரேஷனை (நிறச் செறிவு) கூட்டினால் நீல சேனல் நிரம்பி, இறகின் வரிகள் மறைந்துவிடும். நீலத்தின் லூமினன்ஸை (அந்த நிறத்தின் வெளிச்ச அளவு) மட்டும் சற்றுக் குறைத்தால் நிறமும் அடர்த்தியாகும், வரிகளும் தங்கும்.

7. கடைசியாக

லைட்ரூமின் ஷார்ப்பனிங்கில் ‘மாஸ்கிங்’ ஸ்லைடரை ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு நகர்த்துங்கள். திரை கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை இடங்களில் மட்டும் ஷார்ப்பனிங் வேலை செய்யும். பின்னணி முழுக்கக் கறுப்பாகும்வரை தள்ளுங்கள். இணையத்துக்கு என்றால் நீளப்பக்கம் 2048 பிக்சல், வண்ணவெளி எஸ்ஆர்ஜிபி, ஜேபெக் தரம் 80 போதும். அடோபி ஆர்ஜிபி என்ற இன்னும் அகலமான வண்ணவெளியில் ஏற்றினால் சில இடங்களில் நிறம் வெளிறித் தெரியும். “கணினியில் நன்றாக இருந்தது, ஏற்றியதும் செத்துவிட்டது” என்பவர்கள் முதலில் இதைச் சரிபாருங்கள்.