கிரீன் கார்டு மனுவுக்கு இணை ஸ்பான்சர்: வருமானத்தைக் காகிதத்தில் காட்டுவது எப்படி?

கணவனுக்கோ மனைவிக்கோ கிரீன் கார்டு கேட்டு மனுப் போடுகிறவர், "வருகிறவரை நான் பார்த்துக்கொள்கிறேன், அரசாங்கத்தின் தலையில் சுமத்த மாட்டேன்" என்று அமெரிக்க அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த உறுதிமொழிதான் ஐ-864 படிவம். படிப்பு இப்போதுதான் முடிந்திருக்கிறது, வேலை போய்விட்டது, பகுதி நேர வேலைதான் என்று மனுப் போடுகிறவரின் வருமானம் பற்றாவிட்டால், இன்னொருவர் அதே பொறுப்பை ஏற்றுத் தனியாக ஓர் ஐ-864 கொடுக்கலாம். அவர்தான் இணை ஸ்பான்சர்.

இதில் பலரும் முதலில் செய்வது, சொந்தத்தில் யார் கையில் நிறையப் பணம் இருக்கிறது என்று தேடுவது. அதைவிட, யாருடைய கணக்கு சிக்கலில்லாமல் இருக்கிறது என்று தேடினால் வேலை சீக்கிரம் முடியும். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

படி 1: ஆளைப் பிடிப்பது

இணை ஸ்பான்சர் 18 வயது நிரம்பியவராக, அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவராக, அமெரிக்காவிலேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நண்பரும் செய்யலாம். ஆனால் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் அண்ணன் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் இதற்கு உதவ மாட்டார். நம்மவர்கள் பாதி வழி போன பிறகு கண்டுபிடிக்கும் விஷயம் இது.

சொந்தமாகக் கடையோ மோட்டலோ நடத்துபவரிடம் கேட்பதற்கு முன்பும் கொஞ்சம் யோசியுங்கள். கல்லாவில் புரளும் பணத்தை அதிகாரி பார்க்கப் போவதில்லை. செலவெல்லாம் கழித்து டாக்ஸ் ரிட்டர்னில் (வருஷா வருஷம் போடும் வருமான வரிக் கணக்கில்) மிஞ்சும் லாபம்தான் கணக்கில் வரும். வரியை மிச்சம் பிடிக்க லாபத்தைச் சுருக்கிக் காட்டியவர் இங்கே மாட்டிக்கொள்வார். என்னைக் கேட்டால், மாதச் சம்பளக்காரர், சின்னக் குடும்பம், இதுவரை யாருக்கும் ஸ்பான்சர் கையெழுத்துப் போடாதவர் என்று ஒருவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

கேட்கும்போதே பொறுப்பு எவ்வளவு நீளமானது என்பதையும் சொல்லிவிடுங்கள். "சும்மா ஒரு கையெழுத்துதான் சித்தப்பா" என்று சொல்லி வாங்குவது நியாயமில்லை. வருகிறவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கும் வரை, அல்லது அவர் கணக்கில் 40 காலாண்டு வேலை, அதாவது சுமார் 10 வருஷ உழைப்பு, சேரும் வரை, அல்லது அவர் கிரீன் கார்டைக் கைவிட்டு நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகும் வரை அந்தக் கையெழுத்து கட்டுப்படுத்தும். ஸ்பான்சரோ வருகிறவரோ காலமானாலும் முடிந்துவிடும். தம்பதிக்குள் விவாகரத்து ஆனால் முடியாது! இடையில் வருகிறவர் வருமான அடிப்படையிலான அரசு உதவி வாங்கினால், கொடுத்த அலுவலகம் அந்தப் பணத்தை ஸ்பான்சரிடம் திருப்பிக் கேட்கலாம்.

படி 2: தலைகளை எண்ணுவது

எவ்வளவு வருமானம் வேண்டும் என்பதை இணை ஸ்பான்சரின் குடும்ப எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. அமெரிக்க அரசு ஆண்டுதோறும் வெளியிடும் வறுமைக் கோட்டு அளவில் 125 சதவீதம் இருக்க வேண்டும். ஐ-864பி (I-864P) என்ற பக்கத்தில் அந்த அட்டவணை இருக்கிறது. 2025ஆம் ஆண்டு அட்டவணைப்படி 2 பேருக்கு 26,437 டாலர், 3 பேருக்கு 33,312, 4 பேருக்கு 40,187, 5 பேருக்கு 47,062, 6 பேருக்கு 53,937. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் தொகை கூடுதல். வருஷா வருஷம் மாறும் என்பதால் நீங்கள் அனுப்பும் நேரத்தில் எது நடப்போ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையில் யார் யார் வருவார்கள்? இணை ஸ்பான்சர், அவர் மனைவி அல்லது கணவர், 21 வயதுக்குக் கீழே உள்ள திருமணமாகாத பிள்ளைகள், டாக்ஸ் ரிட்டர்னில் தன்னைச் சார்ந்தவர்கள் என்று அவர் காட்டியிருப்பவர்கள், முன்பு ஐ-864 கொடுத்து வரவழைத்து இன்னும் பொறுப்பு தீராதவர்கள், கடைசியாக இப்போது வரப்போகிறவர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நியூஜெர்சியில் இருக்கும் ஒரு பையன் மதுரையில் இருக்கும் மனைவிக்கு மனுப் போட்டிருக்கிறான். இணை ஸ்பான்சர் அவனுடைய சித்தப்பா. சித்தப்பா, சித்தி, பள்ளிக்கூடம் போகும் 2 பிள்ளைகள், வரப்போகும் பெண்: மொத்தம் 5. தேவை 47,062 டாலர். மனுப் போட்ட பையனை இதில் சேர்க்கக் கூடாது. சித்தப்பாவின் டாக்ஸில் அவன் சார்ந்தவனாக இருந்தால் ஒழிய. இனி, போன வருஷம் சித்தப்பா தன் அம்மாவுக்கு கிரீன் கார்டு வாங்கித் தந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை 6 ஆகிறது, தேவை 53,937க்கு ஏறுகிறது. அந்த அம்மா இப்போது அத்தை வீட்டில் இருந்தாலும் கணக்கு அதுதான். "யாருக்காவது முன்னாடி ஸ்பான்சர் பண்ணியிருக்கீங்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பலருக்கு நினைவே இருக்காது.

படி 3: வருமானத்தைக் கணக்கிடுவது

இந்தத் தொகையை இணை ஸ்பான்சர், மனுப் போட்டவரின் வருமானத்தைச் சேர்க்காமலே எட்ட வேண்டும். பையனுக்கு 20,000, சித்தப்பாவுக்கு 30,000, சேர்த்தால் 50,000 என்று கூட்ட முடியாது.

படிவம் கேட்பது நடப்பு ஆண்டு வருமானம். போன வருஷ டாக்ஸ் ரிட்டர்ன் அதற்கு ஆதாரம், அவ்வளவுதான். ஆகவே போன வருஷம் குறைவாக இருந்து இந்த வருஷம் நல்ல வேலை கிடைத்திருந்தால் பயப்பட வேண்டாம். பே ஸ்டப்பும் (சம்பளச் சீட்டு) கம்பெனிக் கடிதமும் அதைக் காட்டிவிடும். ஓய்வு பெற்றவரின் பென்ஷனும், சோஷியல் செக்யூரிட்டி என்று அரசு தரும் ஓய்வூதியமும் வருமானம்தான். உணவு உதவி போன்ற வருமான அடிப்படையிலான அரசு உதவிகளைச் சேர்க்கக் கூடாது.

பே ஸ்டப்பை எடுத்து ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். சித்தப்பாவுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம், பிடித்தம் போவதற்கு முன் 2,300 டாலர். மாதத்துக்கு இரண்டு என்று நினைத்து 24ஆல் பெருக்கினால் 55,200. ஆனால் வருஷத்துக்கு 26 சம்பள நாள்கள் வரும். சரியான தொகை 59,800. மாதத்தில் குறித்த இரண்டு தேதிகளில் சம்பளம் வருகிறவருக்குத்தான் 24. கைக்கு வரும் தொகையை எழுதாமல், பிடித்தத்துக்கு முந்தைய தொகையை எழுதுங்கள்.

சித்தப்பாவும் சித்தியும் சேர்ந்தே டாக்ஸ் கட்டுகிறார்கள், சித்திக்கும் சம்பளம் உண்டு என்றால்? சித்தப்பாவின் 59,800 தனியாகவே போதும் என்பதால் சித்தியை இழுக்க வேண்டாம். நடப்பு வருமானக் கட்டத்தில் சித்தப்பாவுடையது மட்டும். டாக்ஸ் ரிட்டர்ன் பற்றிக் கேட்கும் கட்டத்தில் ரிட்டர்னில் உள்ள மொத்த வருமானம், அதாவது 1040 படிவத்தின் 9ஆம் வரி. இரண்டு எண்களும் வேறாக இருக்கும், இருக்கட்டும். யார் பங்கு எவ்வளவு என்று தெரிய, கம்பெனி தரும் ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவங்களை இணைத்துவிடுங்கள். சித்தப்பாவின் சம்பளம் மட்டும் பற்றாது என்ற நிலை வந்தால், சித்தி ஐ-864ஏ என்ற படிவத்தில் கையெழுத்திட்டுத் தன் வருமானத்தையும் சேர்க்கலாம்.

சொத்தைக் காட்டியும் பள்ளத்தை நிரப்பலாம்: சேமிப்பு, பங்குகள், கடன் போக மிஞ்சும் வீட்டு மதிப்பு. ஆனால் பொதுவாக, குறைகிற தொகைக்கு 5 மடங்கு காட்ட வேண்டும். அமெரிக்கக் குடிமகன் தன் கணவன் அல்லது மனைவிக்காகக் காட்டும்போது 3 மடங்கு போதும். ஒரு வருஷத்துக்குள் பணமாக்கக் கூடிய சொத்தாகவும் இருக்க வேண்டும். மதிப்பீடு, வங்கிக் கடிதம் என்று காகிதம் பெருகிக்கொண்டே போகும். சம்பளமே போதுமான ஆள் இருந்தால் இந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

படி 4: காகிதங்களைச் சேர்ப்பது

இணை ஸ்பான்சரிடமிருந்து வாங்க வேண்டியவை: குடியுரிமைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம் அல்லது குடியுரிமைச் சான்றிதழின் நகல், கிரீன் கார்டு என்றால் இரண்டு பக்கமும், கடைசி வருஷ ஃபெடரல் டாக்ஸ், வேலைக்கும் சம்பளத்துக்கும் ஆதாரம்.

டாக்ஸுக்கு ரிட்டர்னின் நகலைவிட, ஐஆர்எஸ் என்ற வரித் துறையே தரும் ரிட்டர்ன் விவரச் சுருக்கமான டிரான்ஸ்கிரிப்ட் நல்லது. ஐஆர்எஸ் இணையதளத்தில் கணக்குத் திறந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நகல் கொடுத்தால் எல்லா டபிள்யூ-2, 1099 (மற்ற வருமானங்களுக்கான படிவம்), இணைப்புப் பக்கங்களும் கூடவே போக வேண்டும், ஒரு பக்கம் விட்டுப்போனாலும் கேள்வி வரும். மாநில வரி ரிட்டர்ன் தேவையில்லை. படிவம் 3 வருஷ வருமானத்தைக் கேட்கும், ஆனால் கட்டாயமாக இணைக்க வேண்டியது கடைசி வருஷத்துடையதுதான்.

சம்பளத்துக்கு, கடைசி 6 மாத பே ஸ்டப்புகளும், பதவி, சேர்ந்த தேதி, ஆண்டுச் சம்பளம் மூன்றும் உள்ள கம்பெனிக் கடிதமும் இருந்தால் போதும். எல்லாவற்றையும் பரப்பி வைத்து ஒரு தடவை ஒப்பிடுங்கள்: கடிதத்தில் உள்ள சம்பளம், பே ஸ்டப்பைப் பெருக்கினால் வரும் தொகை, படிவத்தில் எழுதியது. மூன்றும் பொருந்த வேண்டும்.

படி 5: இரண்டு ஐ-864

இணை ஸ்பான்சர் வந்துவிட்டதால் தன் வேலை முடிந்தது என்று மனுப் போட்டவர் நினைத்துவிடக் கூடாது. வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் அவரும் தன் ஐ-864ஐத் தன் டாக்ஸ் ஆதாரத்தோடு கொடுத்தே ஆக வேண்டும். வருமானம் குறைவாக இருந்ததால் டாக்ஸ் ரிட்டர்ன் போட வேண்டிய அவசியமே வரவில்லை என்றால், அதை விளக்கி ஒரு கடிதம் இணைக்க வேண்டும்.

இணை ஸ்பான்சர் தன் படிவத்தின் தொடக்கத்தில் 'இணை ஸ்பான்சர்' என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுருக்கமான ஐ-864இஇசட் அவருக்குப் பொருந்தாது. கையெழுத்தைப் பேனாவால் போட்டு ஸ்கேன் செய்யுங்கள். தட்டச்சு செய்த பெயர் செல்லாது. படிவத்தின் பதிப்புத் தேதி நடப்பில் உள்ளதுதானா என்று யுஎஸ்சிஐஎஸ் என்ற குடியேற்றத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: அனுப்புவது

மனைவியோ கணவரோ அமெரிக்காவில் இருந்தபடியே விண்ணப்பித்தால் இதெல்லாம் ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பத்தின் உறையோடு போகும். வெளிநாட்டில் இருந்தால் தேசிய விசா மையத்தின் இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். இந்த உறுதிமொழியைப் பரிசீலிக்க 120 டாலர் கட்டணம் உண்டு. ஒவ்வொரு ஆவணத்தையும் ஒரே கோப்பாக, பக்கம் தலைகீழாக இல்லாமல் ஏற்றுங்கள்.

நேர்காணலுக்குள் டாக்ஸ் ரிட்டர்ன் போடும் கடைசி நாளான ஏப்ரல் 15 வந்து போய்விட்டால், சித்தப்பாவிடம் புது வருஷ டிரான்ஸ்கிரிப்டையும் சமீபத்திய பே ஸ்டப்பையும் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அவர் வேலை மாறியிருந்தால் புதுக் கம்பெனிக் கடிதமும் வேண்டும். கிரீன் கார்டு வந்த பிறகு அவர் வீடு மாறினால் 30 நாள்களுக்குள் ஐ-865 படிவத்தில் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள்.