சிறு தோட்டத்தில் குட்டை வெண்ணெய்ப்பழ மரம்: கன்று தேர்வு முதல் காய் பறிப்பு வரை

குட்டை ரகம் என்று விற்கப்படும் வெண்ணெய்ப்பழ (அவகாடோ) கன்று தானாகவே இடுப்பளவில் நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சாதாரண வெண்ணெய்ப்பழ மரம் 40 அடியையும் தாண்டி வளரக்கூடியது. குட்டை ரகங்களில் பரவலாக அறியப்பட்ட வர்ட்ஸ், கிளைகள் தாழ்ந்து தொங்கும் இயல்பால் சுமார் 8 முதல் 10 அடி உயரத்தில் அடங்கும். ஆகவே ரகத்தின் இயல்பு பாதி உதவும். மீதியை நீங்கள் கவாத்தினால்தான், அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிடுவதால்தான், சாதிக்க வேண்டும்.

முதலில் கன்று. ஒட்டுக்கன்றை, அதாவது நல்ல ரகத்தின் கிளையை வேறொரு செடியின் அடித்தண்டில் ஒட்டி வளர்த்த கன்றை, தவிர வேறெதையும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. குவளை நீரில் குச்சிகளைச் செருகி விதையை முளைக்க வைப்பது பார்க்க அழகுதான். ஆனால் அந்தச் செடி குட்டையாகவும் இருக்காது, தாய்மரத்தின் பழத்தையும் தராது, காய்ப்பதற்கே பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். நல்ல ஒட்டுக்கன்று மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கிவிடும். ஒட்டுப்பகுதி நன்கு கூடியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதற்குக் கீழிருந்து கிளம்பும் துளிர்களை அவ்வப்போது கிள்ளி எறியுங்கள்.

அடுத்து இடம். ஓரடி ஆழத்தில் குழி தோண்டி, இருமுறை நீர் நிரப்பிப் பாருங்கள். இரண்டாவது முறை ஊற்றிய நீர் மறுநாள் காலையிலும் தேங்கியிருந்தால் அங்கே குழியில் நடக்கூடாது. ஓரடி முதல் இரண்டடி உயரமும் நான்கைந்து அடி அகலமும் கொண்ட மண்மேடு அமைத்து அதன் உச்சியில் நட வேண்டும். வேர்கள் எளிதில் முறிவதால், பையைக் கிழித்தபின் வேர்ப்பந்தை உதறாமல் அப்படியே இறக்கி, பையில் இருந்த மண்மட்டத்துக்கு மேல் தண்டு புதையாதபடி மண் அணையுங்கள். குழிக்குள் உரம் இட வேண்டியதில்லை. தொட்டியில் வளர்ப்போர் 60 லிட்டருக்குக் குறையாத, அடியில் பல துளைகள் கொண்ட தொட்டியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அடியில் ஜல்லி பரப்பினால் வடிகால் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் மேலுள்ள மண் முழுவதும் நனைந்து ஊறும் வரை நீர் ஜல்லிக்குள் இறங்காது என்பதால், வேர்கள் ஈரத்திலேயே நிற்க நேரிடும்.

இனி, பெரும்பாலான கன்றுகள் மடியும் இடத்துக்கு வருவோம்: தண்ணீர். இம்மரத்தின் உணவுறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் அரை அடிக்குள்ளேயே பரவியிருக்கிறது. வேர்த்தூவிகளும் மிகக் குறைவு. எனவே மண் காய்ந்தாலும் வாடும், காற்றோட்டமின்றி நனைந்தே கிடந்தாலும் வாடும். இரண்டு நிலையிலும் இலைகள் ஒரே மாதிரி தொங்குவதுதான் சிக்கல். ஈர மண்ணில் ஃபைட்டாப்தோரா சின்னமோமி என்னும் நோய்க்கிருமி நீரில் நீந்திச் சென்று சல்லிவேர்களை அழுகச் செய்கிறது. வேர் இல்லாததால் இலை வாடுகிறது. வாடுவதைக் கண்டவர் மேலும் ஊற்றுகிறார். ஆகவே இலையைப் பார்த்து ஊற்றாதீர்கள், மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள். விரலை இரண்டாம் கணு வரை நுழைக்கும்போது ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். உலரத் தொடங்கியிருந்தால் ஆழமாக நனையும்படி ஊற்றிவிட்டு இடைவெளி விடுங்கள். மலிவான ஈரப்பதமானிகளை நான் பரிந்துரைப்பதில்லை. மண்ணிலுள்ள உப்பின் அளவுக்கேற்ப அவற்றின் முள் மாறிவிடும்.

புதிதாக நட்ட கன்றுக்கு மட்டும் ஒரு கூடுதல் கவனம் தேவை. பையோடு வந்த வேர்ப்பந்தின் மண் பெரும்பாலும் பொலபொலப்பாக இருப்பதால், சுற்றியுள்ள நிலம் ஈரமாக இருக்கும்போதே அது உலர்ந்துபோகும். எனவே முதல் சில மாதங்களுக்கு வேர்ப்பந்தின் மேலேயே விரலை வைத்துச் சோதித்து, அங்கேயே நீர் விடுங்கள். அதன்பின் மரச்சில்லு அல்லது காய்ந்த இலைகளை அரை அடி கனத்துக்கு மூடாக்காகப் பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டுவிடுங்கள். வெயில் நேரடியாகப் படும் இளந்தண்டின் பட்டை வெந்துவிடும் என்பதால், நீரில் கரையும் வெள்ளைப் பெயின்டைச் சரிபாதி நீர் கலந்து பூசுவது நல்லது.

உயரத்தைக் கட்டுப்படுத்த, துளிர் மென்மையாக இருக்கும்போதே நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பிரியும். பெரிய கிளைகளுக்கு, இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் கத்தரியையே பயன்படுத்துங்கள்; தட்டையான தகட்டின் மேல் அழுத்தி வெட்டும் வகை, பட்டையை நசுக்கிவிடும். பூக்கள் கிளை நுனிகளில் வருவதால், பூக்கும் பருவத்துக்குச் சற்று முன் மரம் முழுவதையும் மொட்டையடித்தால் அந்த ஆண்டு விளைச்சல் போய்விடும். பறிப்பு முடிந்ததும் கவாத்து செய்வதே உகந்தது.

ஒற்றை மரம் காய்க்குமா என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. ஒவ்வொரு பூவும் இருமுறை திறக்கிறது: முதலில் பெண்நிலையில், மறுநாள் ஆண்நிலையில். ஏ வகை ரகங்களில் பெண்நிலை காலையிலும், பி வகையில் பிற்பகலிலும் அமைகிறது. வர்ட்ஸ் ஏ வகையைச் சேர்ந்தது. ஒரே மரத்தின் பூக்களுக்குள் இந்நிலைகள் சிறிது நேரம் ஒன்றிவிடுவதுண்டு என்பதால் தனிமரமும் காய்க்கும். இடமிருந்தால் பி வகை ஒன்றையும் வைப்பது நல்லது. பூத்ததில் ஆயிரத்தில் ஒன்றுகூடக் காயாக நிற்காமல் உதிர்வது இயல்பே.

காய் மரத்தில் கனியாது. பறித்த பிறகே மென்மையாகும். முதிர்ந்ததாகத் தோன்றும் ஒன்றைச் சிறு காம்போடு பறித்து வீட்டுக்குள் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் சீராக இளகினால் மற்றவற்றைப் பறிக்கலாம். காம்புப் பக்கம் சுருங்கி ரப்பர் போல ஆனால் இன்னும் சில வாரங்கள் காத்திருங்கள்.

பின்சேர்க்கை: இலை நுனிகள் பழுப்பாகிக் கருகுவதாகப் பலர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் அது நோயன்று. நீரிலும் உரத்திலும் உள்ள உப்பு, குறிப்பாகக் குளோரைடு, இலை நுனியில் சேர்வதன் விளைவு. உரம் போதவில்லை என்று கருதி மேலும் இட்டால் கருகல் கூடும். உரத்தை நிறுத்திவிட்டு, வடிகால் சரியாக இருக்கும் பட்சத்தில், உப்பு குறைந்த நீரை ஒருமுறை தாராளமாக விட்டு உப்பை வேர்மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். கருகிய இலை பச்சையாகாது. அடுத்து வரும் துளிரின் இலைகளைப் பார்த்தே பலனை அறிய முடியும்.