துடைக்கும் முன் பாருங்கள்: பழைய மாருதி 800-ன் ஸ்பார்க் பிளக்கில் கரி ஏன் படிகிறது?

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வைத்த மாருதி 800 ஐடிலிங்கில் மிஸ் அடிக்கிறது, பிக்கப் இல்லை, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது என்றால், பலரும் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்துத் திரும்ப மாட்டிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் பழைய குருடி கதவைத் திறடி. இன்ஜினுக்குள் என்ன கோளாறு என்று காட்டுவதே முனையில் படிந்த அந்த அழுக்குதான். அதைப் பார்க்காமல் துடைக்கக் கூடாது.

21 எம்எம் பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு), டார்ச், துணி, ஒரு சாண் பழைய பெட்ரோல் ஹோஸ் போதும்.

முதலில் வண்டியை ஓட்டுங்கள். மதுரையில் கோரிப்பாளையம் சிக்னல், சிம்மக்கல் நெரிசல் என்று ஊர்ந்து வந்த வண்டியில் பிளக் கறுப்பாகத்தான் இருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. திருமங்கலம் ரோட்டில் 60 வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டி, ஐடிலிங்கில் விடாமல் சாவியை அணையுங்கள். இன்ஜின் நன்றாக ஆறட்டும். பிளக் மாட்டியிருக்கும் இன்ஜின் ஹெட் அலுமினியம், சூட்டோடு திருகினால் மரை போய்விடும், அப்புறம் செலவு பெரிது.

வயர்களில் 1, 2, 3 என்று எழுதுங்கள். டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது 1. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் ஸ்பார்க் விழும் வரிசை, 1-3-2. வயர் மாறினால் வண்டி வெடித்து வெடித்து ஓடும். வயரைப் பிடித்து இழுக்காமல் ரப்பர் கேப்பைப் பிடித்துக் கழற்றவும். பிளக் குழியில் கிடக்கும் மண்ணைச் சைக்கிள் பம்பால் ஊதிவிடுங்கள், இல்லையென்றால் அது நேராக சிலிண்டருக்குள் போகும்.

மூன்று பிளக்கையும் வரிசை மாறாமல் வெள்ளைத் துணியில் அடுக்குங்கள். வெந்த செங்கல் நிறமோ சாம்பல் பழுப்போ இருந்தால் அந்த சிலிண்டர் சுகம்.

விரலில் ஒட்டும் உலர்ந்த கரி மூன்றிலும் இருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டரை டார்ச் முன் பிடித்துப் பாருங்கள். நம் புழுதிக்கு அது சீக்கிரம் அடைக்கும். அடுத்து சோக் (குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகக் காற்றைக் குறைப்பது): நாபை உள்ளே தள்ளிய பிறகும் கார்புரேட்டர் வாயில் உள்ள தகடு முழுதாகத் திறக்கிறதா என்று நேரில் பாருங்கள். கேபிள் இறுகிப் பாதி மூடியே நிற்பது பழைய வண்டிகளில் சகஜம். இரண்டும் சரியென்றால் ஃப்ளோட் லெவல், அதாவது கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் மட்டம். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியிலும் இதே கரி வரும். பிளக் முனை சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் கரி தானாக எரியும். எரியாத கரி மின்சாரத்தைக் கடத்தும். ஸ்பார்க் இடைவெளியைத் தாண்டாமல் பீங்கான் மேலேயே கசிந்துவிடும். மிஸ் அடிப்பது அதனால்தான்.

ஈரமாக, பளபளக்கும் கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். இங்கே சைலன்சரைக் கவனிக்க வேண்டும். காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு ஆயில் சீல். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகியுங்கள். மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால், ஒரு தேக்கரண்டி ஆயிலை சிலிண்டரில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. இதற்குப் புது பிளக் மருந்தாகாது.

பெட்ரோல் வாடையோடு நனைந்திருந்தால்? மூன்றும் நனைந்திருந்தால் கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ. ஒன்று மட்டும் என்றால் அதற்கு ஸ்பார்க் போகவில்லை. அந்த பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக் அவுட். அங்கேயே நின்றால் வயர் அல்லது டிஸ்ட்ரிபியூட்டர் கேப்.

வெளுத்து, முனை கொப்பளித்திருந்தால் அது கரிப் பிரச்சினை அல்ல, அதிகச் சூடு. ரேடியேட்டர் தண்ணீரையும் ஸ்பார்க் டைமிங்கையும் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

காரணத்தைச் சரிசெய்த பிறகு பெட்ரோலில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள். மணல் அடித்துச் சுத்தம் செய்து தருவார்கள், வேண்டாம். பீங்கானைச் சுற்றிய சந்தில் சிக்கும் மணல் பிறகு சிலிண்டரில் உதிரும். எலக்ட்ரோடு முனை மழுங்கியிருந்தால் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பிளக் எவ்வளவு சூடாக ஓடும் என்று காட்டும் ஹீட் ரேஞ்ச் எண்ணிலும் கவனம்: என்ஜிகே கம்பெனி பிளக்கில் எண் ஏறினால் குளிர்ந்த பிளக், பாஷ் கம்பெனியில் நேரெதிர்.

எலக்ட்ரோடு இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. பிளக்கின் தலையில் ஹோஸைச் செருகி விரலால் சுற்றுங்கள். மரை குறுக்கே ஏறினால் ஹோஸ் வழுக்கிச் சுற்றும், ஹெட் தப்பிக்கும். கையால் முழுதாக இறங்கிய பின், புது பிளக் என்றால் ஸ்பேனரில் அரைச் சுற்று. பழையது என்றால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், பன்னிரண்டில் ஒரு பங்கு போதும்.