கிடங்கில் கிடந்த டிரான்ஸ்பார்மரின் ஈரத்தை எடுப்பது எப்படி?

மழைக்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்த டிரான்ஸ்பார்மரை அப்படியே தூக்கிக் கம்பத்தில் ஏற்றிவிடாதீர்கள். பகலில் எண்ணெய் விரிந்து, இரவில் சுருங்கும்போது அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்று நுழையும் வழியான பிரீதரில், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் செத்திருந்தால் ஈரமும் கூடவே போகும். அந்த ஈரம் எண்ணெயில் தங்குவது கொஞ்சம்தான். பெரும்பங்கு காயிலைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் ஊறிவிடும். எண்ணெயை மட்டும் வடிகட்டினால் போதாது என்பது இதனால்தான்.

100 கேவிஏ, 11,000/433 வோல்ட் டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்வோம். உரிமம் பெற்ற மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லாமல் கை வைக்க வேண்டாம்.

முதலில் ஜெல் நிறத்தைப் பாருங்கள். நீலம் வெளிர்சிவப்பாகியிருந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. அடி வால்விலிருந்து கொஞ்சம் எண்ணெய் பிடியுங்கள். தண்ணீராகவே வந்தால் இந்த முறை உதவாது. பட்டறைக்கு அனுப்பி அடுப்பில் உலர்த்த வேண்டும்.

அடுத்து மெக்கர், அதாவது காப்புத் தடையை அளக்கும் கருவி. எச்.டி.க்கு (11,000 வோல்ட் பக்கம்) 2,500 வோல்ட், எல்.டி.க்கு (433 வோல்ட் பக்கம்) 500 வோல்ட் வைத்து அளக்க வேண்டும். 60 வினாடியில் வரும் அளவையும் எண்ணெயின் வெப்பத்தையும் சேர்த்தே குறியுங்கள். வெப்பம் இல்லாத மெக்கர் அளவுக்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு முறையும் புஷிங்குகளை (கம்பி இணைக்கும் வெளிமுனைகளை) எர்த் செய்து சார்ஜை இறக்கிவிடுங்கள். எண்ணெய் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று பார்க்கும் பிடிவி சோதனையில் 2.5 மி.மீ. இடைவெளிக்கு 30 கிலோவோல்ட் கூடத் தாங்கவில்லை என்றால் ஈரம் இருக்கிறது, சந்தேகமே வேண்டாம்.

சரி, இப்போது சூடாக்கும் வேலை. எல்.டி. முனைகளைத் தடித்த செம்புப் பட்டையால் ஷார்ட் செய்து, எச்.டி. பக்கம் 415 வோல்ட் மூன்று பேஸ் கொடுங்கள். இம்பிடென்ஸ் (டிரான்ஸ்பார்மரின் உள் மின்தடை) 4.5 சதவீதம் என்றால் முழு மின்னோட்டத்துக்கு 11,000-இல் 4.5 சதவீதம், அதாவது 495 வோல்ட் வேண்டும். 415-இல் எச்.டி.யில் சுமார் 4.4 ஆம்பியர், எல்.டி.யில் 110-க்குச் சற்று மேல் ஓடும். காயில் உள்ளிருந்தே சூடாகிக் காகிதத்தின் ஈரத்தை எண்ணெய்க்குத் தள்ளும். எண்ணெயைச் சுற்றவிட்டு வடிகட்டும் ஃபில்டர் மெஷின் அதை வெளியே எடுக்கும். தார்ப்பாயால் போர்த்தினால் சூடு நிற்கும். எண்ணெய் 75 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஃபில்டர் மெஷினின் வெற்றிடத்தைத் தொட்டிக்குக் கொடுக்காதீர்கள், சின்ன டிரான்ஸ்பார்மர் தொட்டி உள்வாங்கிவிடும். ஆளில்லாமல் விட்டுப் போகவும் கூடாது.

இரண்டு மணிக்கு ஒருமுறை சப்ளையை நிறுத்தி மெக்கர் வையுங்கள். அளவு விறுவிறுவென்று இறங்கும். புதியவர்கள் இங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள்! வெப்பம் 10 டிகிரி ஏறினால் மெக்கர் அளவு ஏறக்குறைய பாதியாகும், காகிதத்தின் ஈரமும் அப்போதுதான் எண்ணெய்க்கு வருகிறது. பாதியில் ஆறவிட்டால் அந்த ஈரம் திரும்பக் காகிதத்துக்கே போய்விடும். வெப்பத்தை ஒரே நிலையில் வைத்துக் காத்திருந்தால் அளவு கொஞ்ச நேரம் கீழேயே கிடக்கும், அப்புறம் மெல்ல ஏறும். ஏறி, 12 மணி நேரம் அசையாமல் நின்றால் உலர்ந்துவிட்டது.

ஆறியதும் பிடிவியும் மெக்கரும் மறுபடி பாருங்கள். ஷார்ட் பட்டையைக் கழற்றுங்கள். பிரீதரில் புது ஜெல் போட்டு, அடிக் கிண்ணத்தில் குறி வரை எண்ணெய் ஊற்றுங்கள். ஏற்றும் நாள் தள்ளிப்போனால் ஜெல் நிறத்தை அவ்வப்போது போய்ப் பார்த்து வாருங்கள்.