பட்டாம்பூச்சி வகைப்பாட்டில் சறுக்கும் இடங்கள்

பட்டாம்பூச்சிக்கு ஒரு பெட்டி, அந்துப்பூச்சிக்கு ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டு ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகின்றன.

இரண்டும் அடங்கிய லெப்பிடோப்டெரா என்ற வரிசையில் இதுவரை பெயரிடப்பட்டவை ஏறத்தாழ 1,60,000 இனங்கள். அதில் பட்டாம்பூச்சிகள் 18,000-க்கு மேல் இருக்கும், அவ்வளவுதான். அவையும் எதிரணி அல்ல. அந்துப்பூச்சிகளின் வம்சத்துக்குள்ளேயே கிளைத்த பாப்பிலியனாய்டியா என்ற ஒரு பெருங்குடும்பம். பட்டு நூல் தரும் பூச்சிக்கும் கம்பளித் துணியை அரிக்கும் பூச்சிக்கும் அந்துப்பூச்சி என்றே பெயர். ஆனால் பட்டுப்பூச்சிக்கு நெருங்கிய சொந்தம் துணியை அரிப்பது அல்ல, பட்டாம்பூச்சிதான். பாலூட்டிகளை வௌவால், வௌவால் அல்லாதவை என்று பிரித்தால் எப்படி இருக்கும்? அந்த மாதிரிதான் இந்தப் பிரிவினையும். பேச்சுக்கு வசதி, வகைப்பாட்டில் இடம் இல்லை.

அப்புறம், ஒரே ஒரு அடையாளத்தை நம்புவது. பகலில் பறந்தால் பட்டாம்பூச்சி, இரவில் பறந்தால் அந்து என்று பள்ளியில் படித்திருப்போம். மெலனைட்டிஸ் லீடா என்ற பட்டாம்பூச்சி அந்தி மயங்கும் நேரத்தில்தான் சுறுசுறுப்பாகும், விளக்கு வெளிச்சத்துக்கும் வரும். நீல நிறத்தில் பளிச்சென்று பட்டப்பகலில் திரியும் டிஸ்ஃபானியா பெர்கோட்டா அந்துப்பூச்சி. உணர்கொம்பின் நுனி குண்டாக இருந்தால் பட்டாம்பூச்சி என்று பார்ப்பது இதைவிட நல்ல வழி. நம் ஊரில் பெரும்பாலும் கைகொடுக்கும். சுவரில் அட்லஸ் என்ற பெரிய அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்ததும் ‘ராட்சத வண்ணத்துப்பூச்சி’ என்று படம் போடுகிறவர்கள், இறகு போல விரிந்திருக்கும் அதன் உணர்கொம்பை ஒரு தடவை பார்த்தால் போதும்.

ஆனால் அதுவும் சட்டம் அல்ல. தென் அமெரிக்கக் காடுகளில் இருக்கும் காஸ்ட்னியிடே அந்துகளுக்கு நுனி குண்டு. மத்திய, தென் அமெரிக்காவின் ஹெடிலிடே குடும்பத்துக்கு அது கிடையாது, பெரும்பாலும் இரவில் பறப்பவையும் கூட. அதனாலேயே அவற்றை நெடுங்காலம் ஜியோமெட்ரிடே என்ற அந்துக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். 1986-ல் பூச்சியியலாளர் மால்கம் ஸ்கோபிள் உடலமைப்பை அலசி, இவை பட்டாம்பூச்சிகளோடு சேர வேண்டியவை என்றார். பின்னால் வந்த மரபணு ஆய்வுகளும் அவர் பக்கமே நின்றன.

உருவம் ஒத்துப்போனால் உறவு என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. எருக்கஞ்செடியில் வளரும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியையும் ஹைப்போலிம்னாஸ் மிசிப்பஸ் என்ற பட்டாம்பூச்சியின் பெண்ணையும் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணே ஏமாறும். இரண்டும் வெவ்வேறு துணைக்குடும்பம். வெந்தய வரியன் பறவைகளுக்கு ஒவ்வாது. அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டு மிசிப்பஸின் பெண் தப்பிக்கிறது. மிசிப்பஸின் ஆணோ கறுப்பு இறக்கையில் பெரிய வெள்ளைப் பொட்டுகளோடு வேறு இனம் போலவே இருக்கும். எனவே ஒரு படத்தை வைத்துக்கொண்டு இனம் சொல்வதில் அவசரம் வேண்டாம்.

பழைய கையேட்டை மட்டும் பார்த்து எழுதினால் டனாயிடே, சட்டிரிடே என்று தனிக் குடும்பங்கள் வந்துவிடும். இப்போது இரண்டும் நிம்ஃபலிடே குடும்பத்துக்குள் டனாயினே, சட்டிரினே என்ற துணைக்குடும்பங்கள். ‘இடே’ என்று முடிந்தால் குடும்பம், ‘இனே’ என்றால் துணைக்குடும்பம். ஒரு எழுத்து மாறினால் படிநிலையே மாறிவிடும்.

கடைசியாக, பலரும் கண்டுகொள்ளாத அடைப்புக்குறி. அறிவியல் பெயருக்குப் பின்னால் அதை முதலில் வைத்தவரின் பெயரையும் ஆண்டையும் எழுதுவது வழக்கம். கறிவேப்பிலைச் செடிக்கு வரும் கறுப்புப் பட்டாம்பூச்சியை ‘பாப்பிலியோ பாலிடெஸ் லின்னேயஸ், 1758’ என்று எழுத வேண்டும். வெந்தய வரியனை எழுதும்போது ‘டனாவுஸ் கிரிசிப்பஸ் (லின்னேயஸ், 1758)’. லின்னேயஸ் அன்று எல்லாப் பட்டாம்பூச்சிகளையும் பாப்பிலியோ என்ற ஒரே பேரினத்தில் போட்டார். பாலிடெஸ் அங்கேயே இருக்கிறது, கிரிசிப்பஸ் பிற்பாடு டனாவுஸுக்கு மாறியது. அடைப்புக்குறி சொல்வது அந்த இடமாற்றத்தைத்தான். அழகுக்காக எல்லாப் பெயருக்கும் அதைப் போட்டுவிட்டால், பாலிடெஸும் பேரினம் மாறியதாகப் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார்.