உறைந்த ஏரியில் பைக் பிடிப்பது எப்படி

பைக் என்றதும் இரண்டு சக்கரம் ஞாபகம் வந்தால் தப்பில்லை, எனக்கும் முதலில் அப்படித்தான். இது நார்தர்ன் பைக் என்ற மீன். வட அமெரிக்கா, ஐரோப்பா, வட ஆசியா என்று குளிர்ப் பிரதேச ஏரிகளில் பரவலாக இருக்கிறது. நீண்ட உடம்பு, வாத்து அலகு மாதிரி தட்டையான வாய், வாலுக்குப் பக்கத்தில் ஒதுங்கிய முதுகுத் துடுப்பு. பார்க்க சீலா மாதிரி, குணத்தில் விரால் மாதிரி: செடிக்குள் அசையாமல் பதுங்கியிருந்து ஒரே பாய்ச்சலில் இரையைக் கவ்வும். ஏரி உறைந்த பிறகும் இது இரை தேடுவதை நிறுத்துவதில்லை, அதனால்தான் குளிர்காலத்தில் ஆட்கள் இதைத் தேடிப் போகிறார்கள்.

முதலில் பனிக்கட்டி. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் கட்டி குறைந்தது 4 அங்குலம் (10 செ.மீ.) இருந்தால்தான் நடக்கலாம். வெள்ளையாக, நுரை படிந்தது போல இருந்தால் அதற்குப் பாதி பலம்தான், எனவே இரண்டு மடங்கு தடிமன் வேண்டும். கையில் கடப்பாரை வைத்துக்கொண்டு சில அடிக்கு ஒரு முறை முன்னால் குத்திப் பார்த்தபடி போங்கள், ஒரே குத்தில் தண்ணீர் வந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். ஓடை வந்து சேரும் இடம், ஊற்று இருக்கும் இடம், மேலே பனி குவிந்து கிடக்கும் இடம் எல்லாம் மெலிதாக இருக்கும், ஏனென்றால் பனி போர்வை மாதிரி மூடி அடியில் கட்டியை வளர விடாது. கழுத்தில் இரண்டு ஆணிக் கைப்பிடிகளைத் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். விழுந்துவிட்டால் வந்த பக்கமே திரும்பி (அந்தக் கட்டிதான் உங்களைத் தாங்கியது), ஆணியைக் குத்தி, காலை உதைத்து மேலே ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டே தள்ளிப் போக வேண்டும். தனியாகப் போகாதீர்கள்.

அடுத்து, எங்கே துளை போடுவது. பாதி வேலை இதில்தான் இருக்கிறது. ஏரி உறைந்த முதல் வாரங்களில் நீர்ச்செடிகள் இன்னும் பச்சையாக இருக்கும், சின்ன மீன்கள் அங்கே ஒளிந்திருக்கும், பைக்கும் அங்கேயே நிற்கும். ஒன்று முதல் மூன்று மீட்டர் ஆழம் போதும். குளிர்காலம் நடுவுக்கு வரும்போது வெளிச்சம் கிடைக்காமல் செடி அழுகத் தொடங்கும், அழுகும் செடி தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் செடிக் கூட்டத்தின் வெளி ஓரத்துக்கும் ஆழம் சட்டென்று இறங்கும் சரிவுக்கும் நகரும். பனி உருகப்போகும் கடைசி நாட்களில் மறுபடி ஆழம் குறைந்த, சதுப்பை ஒட்டிய ஒதுக்கங்களுக்கு வரும், ஏனென்றால் பனி விலகியதும் அங்கேதான் முட்டையிடும். பெரிய மீன் வேண்டும் என்றால் இந்தக் கடைசிக் காலம்தான், ஆனால் கட்டியும் அப்போதுதான் ஏமாற்றும், ஞாபகம் இருக்கட்டும்.

துளைகளை ஒரு வரிசையாகப் போடுங்கள்: ஒன்று செடிக்கு நடுவில், ஒன்று ஓரத்தில், ஒன்று ஆழத்தில். எல்லாவற்றையும் ஆகரால் (பனிக்கட்டியைத் துளைக்கும் திருகு கருவி) ஒரே மூச்சில் போட்டுவிட்டால் சத்தம் அதோடு முடிந்துவிடும். 8 அங்குலத் துளை பொதுவாகப் போதும், பெரிய மீன் இருக்கும் ஏரி என்றால் 10. மிதக்கும் பனித்தூளை ஜல்லிக்கரண்டி மாதிரி ஒன்றால் அள்ளிவிடுங்கள். ஒருவர் எத்தனை தூண்டில் போடலாம், எந்த அளவு மீனை எடுக்கலாம் என்பது இடத்துக்கு இடம் வேறு, உரிமம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்குத் தோதான கருவி டிப்-அப். துளைக்கு மேல் உட்காரும் ஒரு சட்டம், தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் ஒரு தூண்டில் நரம்புச் சுருள், மடக்கி வைத்த ஒரு கொடி. மீன் இழுத்துச் சுருள் சுற்றினால் கொடி நிமிரும். நரம்பு 30 முதல் 50 பவுண்டு தாங்கும் பின்னல் வகை நல்லது, மெல்லிய நரம்பு விறைத்த விரலுக்குப் பிடி கிடைக்காது. முனையில் ஒரு அடிக்குக் குறையாமல் லீடர், அதாவது நரம்புக்கும் கொக்கிக்கும் நடுவில் கட்டும் ஸ்டீல் கம்பி, கட்டாயம், இல்லையென்றால் பைக்கின் பல் நரம்பை நறுக்கிவிடும். லீடரில் இரண்டு மும்முனைக் கொக்கிகள்: ஒன்றை இரைமீனின் தலைக்குப் பின்னாலும் மற்றதை முதுகுத் துடுப்புப் பக்கமும் குத்தினால் இரை படுக்கை வாட்டத்தில் தொங்கும். உயிர் இரையைப் பல இடங்களில் தடை செய்திருக்கிறார்கள், அது நோயையும் வேற்று மீனையும் பரப்பும். செத்த மீனே போதும், பைக் அதையும் தயங்காமல் எடுக்கும். எண்ணெய்ப் பசையுள்ள ஸ்மெல்ட், ஹெர்ரிங், கானாங்கெளுத்தி எதுவும் சரி.

புதியவர்கள் அதிகம் தப்பு பண்ணுவது இரையின் உயரத்தில். ஈயக்குண்டை இறக்கி ஆழம் பார்த்து, இரையைச் செடி நுனிக்கு ஒரு அடி மேலே நிறுத்துங்கள், வெறும் தரை என்றால் தரைக்கு ஒன்றிரண்டு அடி மேலே. பைக்கின் கண் தலையின் மேல்பக்கம் இருக்கிறது. மேலே இருப்பதைப் பார்த்துப் பாயும், காலடியில் கிடப்பது அதற்குச் சரியாகத் தெரியாது. கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் என்பதால் பகல்தான் நேரம். ஒரு மணி நேரம் ஒரு கொடியும் அசையவில்லை என்றால் பொறுமையாக உட்கார்ந்திருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை, வேறு துளை போடுங்கள்.

கொடி நிமிர்ந்தால் வேகமாகப் போங்கள், ஆனால் தடதடவென்று ஓடாதீர்கள். சுருள் சுற்றுகிறதா, நரம்பு ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் இல்லை என்றால் காற்றாக இருக்கலாம். மீன் என்றால் சட்டத்தை மெதுவாகத் தூக்கி ஓரமாக வைத்து, தொய்வை எடுத்து, கனம் கைக்குத் தெரிந்ததும் அழுத்தமாக ஒரு இழுப்பு. “விழுங்கட்டும், பொறு” என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். என் முதல் குளிர்காலத்தில் அதைக் கேட்டுப் பொறுத்திருந்தேன், கொக்கி தொண்டைக்குள் போய்விட்டது, திருப்பி விட நினைத்த மீன் கையிலேயே செத்தது. இரண்டு கொக்கி கட்டுவதே உடனே இழுக்கத்தான்.

அப்புறம் கை மாற்றிக் கை இழுக்க வேண்டியதுதான். மீன் ஓடினால் நரம்பை விரலிடுக்கில் வழுக்க விடுங்கள், கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளாதீர்கள், பைக் திடீரென்று திரும்பினால் விரல் அறுந்துபோகும். இழுத்த நரம்பு பின்பக்கமாக விழட்டும், அதை மிதிக்காதீர்கள். துளை வெளிச்சத்தைப் பார்த்ததும் கட்டாயம் இன்னொரு தடவை கீழே பாயும். தப்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: வாய்க்கு வெளியே தொங்கும் கொக்கி பனிக்கட்டியின் அடி விளிம்பில் மாட்டும், மீன் கழன்றுவிடும். அவசரப்படாமல் மூக்கு துளைக்குள் நேராக வரும்வரை விட்டுக்கொடுங்கள்.

தூக்கும்போது செவுள் மூடிக்கு அடியில் விரலை நுழைத்துத் தாடையோரம் பிடியுங்கள். சிவப்பான செவுளைத் தொடக்கூடாது, அது மீனுக்கும் கேடு, உங்கள் விரலையும் கிழிக்கும். கொக்கியை நீண்ட மூக்குக் குறடால்தான் எடுக்க வேண்டும். திருப்பி விடுவதாக இருந்தால் எல்லாம் தயாராகும்வரை மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும், கடுங்குளிர்க் காற்றில் செவுளும் கண்ணும் சீக்கிரம் உறைந்துவிடும். பெரியவை பெரும்பாலும் முட்டை சுமக்கும் பெண் மீன்கள், அவற்றை விட்டுவிட்டு நடுத்தர அளவை எடுப்பது என் வழக்கம். சதைக்குள் ஒய் வடிவ முள் வரிசையாக ஓடும், அந்த வரிசையை ஒட்டிக் கத்தியைச் சாய்த்து வெட்டத் தெரிந்தால் முள் இல்லாத துண்டு கிடைக்கும்.

கிளம்பும் முன் அறுந்த நரம்புத் துண்டுகளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள், 10 அங்குலத் துளை என்றால் ஒரு குச்சியையோ மரக்கிளையையோ அதில் நட்டு வையுங்கள். இரவில் மேலே மெல்லிய ஏடு கட்டிப் பனி மூடிவிட்டால் அங்கே துளை இருப்பதே அடுத்து நடந்து வருபவருக்குத் தெரியாது.