வன்னிக்குப் பிள்ளைகளோடு இருக்க வருகிறவர்களே, முதலில் விசாவைப் பாருங்கள்

கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்களில் சிலருக்கு இப்போது உறவினர் வீடுகளுக்குப் போய்வருவது மட்டும் போதவில்லை. கோயிலோ தேவாலயமோ நடத்தும் சிறுவர் இல்லத்தில் ஓரிரு மாதம் தங்கிச் சின்னப் பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்று என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் என்னைப் போல இலங்கையின் வடக்கே வன்னியில் பிறந்து வெளியே போனவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். வாருங்கள். ஆனால் மூன்றாவது வாரத்தில் எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு ரயில் உண்டு, ஏ9 வீதியால் இரவு பஸ்ஸும் உண்டு. முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, ஒரு சுருள் கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுங்கள். பருத்தி உடுப்பும் நுளம்பு வலையும் கொண்டுவாருங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள் கால் வைக்காதீர்கள். பாலைப்பழம் பொறுக்க என்று பிள்ளைகளை ஒற்றையடிப் பாதையை விட்டு விலக்கிக் கூட்டிப்போகவும் வேண்டாம்.

இல்லத்தைத் தெரிவுசெய்யும்போது வடமாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் அது பதிவுசெய்யப்பட்டிருக்கிறதா என்று நேரே கேளுங்கள். சுவாமியிடமோ ஐயரிடமோ போய்ப் பதிவுப் பத்திரம் கேட்பதா என்று கூச்சப்படாதீர்கள். பதிவுள்ள இல்லம் அதைக் காட்டத் தயங்காது. இன்னொன்று: "அநாதைப் பிள்ளைகள்" என்ற சொல்லை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். இலங்கையின் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். அம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருப்பார், அல்லது தனியாக மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போட முடியாமல் ஒன்றைக் கொண்டுவந்து விட்டிருப்பார். அந்த அம்மா மாதக் கடைசியில் பஸ் ஏறி வந்து வாசலில் நிற்கும்போது, அவருடைய பிள்ளையை அநாதை என்று யாரோ சொல்லும் குரல் அவருடைய காதில் விழ வேண்டுமா?

இனி என் கதை. நான் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் உருத்திரபுரத்தில் பிறந்தவள். 1996இல் போரால் கிளிநொச்சியை விட்டு வெளியேறியவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. பிறகு ரொறன்ரோ, பிறகு கனடியக் கடவுச்சீட்டு. பல வருடங்கள் கழித்து, ஒரு வைகாசி மாதம், கோயிலைச் சார்ந்த ஓர் இல்லத்துக்குப் போனேன். மூன்று முதல் ஐந்து வயது வரையான பதினொரு பிள்ளைகள். காலையில் தலைவாருவது, புட்டு ஊட்டுவது, மணலில் விரல் பிடித்து அகரம் எழுதுவிப்பது, இவைதான் என் வேலை. சம்பளம் இல்லை, நான் கேட்கவும் இல்லை. என்னிடம் இருந்தது சுற்றுலா விசா. பொறுப்பாக இருந்தவரிடம் "இது போதுமா?" என்று ஒரு முறை கேட்டேன். "நீங்கள் எங்கள் ஊர்ப்பிள்ளை, உங்களுக்கு என்ன விசா?" என்றார். அந்த வார்த்தை எனக்கு அவ்வளவு இனித்தது. மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

சுற்றுலா விசாவில் வருகிறவர் சம்பளத்தோடும் வேலை செய்யக் கூடாது, சம்பளம் இல்லாமலும் செய்யக் கூடாது. நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இந்த இரண்டாவது பாதிதான். காசு வாங்கவில்லையே, இது சேவைதானே என்று நாம் நினைக்கிறோம். சட்டத்தில் அந்த வேறுபாடு இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அன்றே நாம் இலங்கைப் பிரஜைகள் அல்லாதவர்களாகிவிட்டோம். பிறப்புச் சான்றிதழில் கிளிநொச்சி என்று இருப்பது அதை மாற்றாது. இதை எழுதும்போது இன்றும் எனக்கு வலிக்கிறது. என் தகப்பனார் வாய்க்கால் வெட்டிய மண்ணில் நான் விருந்தாளி.

மூன்றாவது வாரம் இல்லத்தைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். மரியாதையாகப் பேசினார், என் கடவுச்சீட்டைக் கேட்டார், விசாப் பக்கத்தைப் பார்த்தார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சின்னப் பிள்ளைகளைக் கையாளும் ஒரு வெளிநாட்டவரை எந்தப் பத்திரமும் இல்லாமல் வைத்திருந்ததற்கு இல்லம்தான் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டிவந்தது. அவர் கேட்டது சரியே. ரொறன்ரோவில் கோயில் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கப் போனபோது பொலிஸ் சான்றிதழ் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தானே உள்ளே போனேன்? அங்கே முணுமுணுக்காமல் கொடுத்ததை இங்கே ஏன் அவமானமாக நினைத்தேன்?

அடுத்த நாளிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். பிள்ளைகள் மத்தியான நித்திரையில் இருந்தார்கள். எழுப்பிச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை, சொல்லாமலே படலையைச் சாத்திக்கொண்டு வந்தேன். அதற்கு முந்தைய நாள் மாலை நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, பாலைப்பழப் பால் ஒட்டிய கையால் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு 'ஊ' எழுதுவோமா ரீச்சர்?" என்று கேட்டிருந்தாள். ஓம் என்று சொல்லியிருந்தேன்.

ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். இங்கே பிறந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இரட்டைக் குடியுரிமை கிடைக்குமா என்று பாருங்கள். கிடைத்தால் விசாப் பேச்சே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வதிவிட விசாதான் வழி. அதற்கு உங்களை அழைக்கும் நிர்வாகம் இங்கிருந்து முயற்சி எடுக்க வேண்டும், நீங்கள் நாட்டுக்குள் வரும் முன்பே அது தொடங்க வேண்டும். தொலைபேசியில் "வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் போதாது. கடிதம் கேளுங்கள். நீங்கள் வாழும் நாட்டுப் பொலிஸ் சான்றிதழை அவர்கள் கேட்காவிட்டாலும் கொண்டுவந்து கொடுங்கள். இவ்வளவுக்கும் நேரம் இல்லையென்றால் விருந்தினராக வந்து ஒரு நேரச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போங்கள். அதுவும் நல்ல காரியம். ஆனால் பிள்ளைகளின் பொறுப்பை ஏற்காதீர்கள், படமெடுத்துப் போடாதீர்கள். நீதிமன்ற உத்தரவால் பாதுகாப்புக்காக வந்த பிள்ளையும் அவர்களுக்குள் இருக்கலாம். ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடப்பதாகச் சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

இரட்டைக் குடியுரிமை எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் கழித்து அதே இல்லத்துக்குப் போனேன். அந்தச் சிறுமிக்கு ஆறு வயது, எல்லா எழுத்தும் தெரிந்திருந்தது. நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சுவரில் தொங்கிய முருகன் கலண்டரை எடுத்து, நான் திரும்பிப் போகும் திகதியைச் சுற்றி அவளுக்கு முன்னாலேயே சிவப்பு மையால் வட்டம் போட்டேன். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒவ்வொரு காலையும் முகம் கழுவியதும் அவளே வந்து ஒரு நாளை வெட்டினாள்.